கைப்பெட்டியில் சங்கீதம்



தமிழ்நாட்டை விட்டு வந்து வெளி மாநிலங்களில் குடியேறியவர்கள் தங்களோடு கொண்டுவந்த பொருள்களுக்கு யாரேனும் ஒரு ஜாபிதா தயாரிப்பார்களானால், அதில் காப்பி வடிகட்டி, இட்லிப் பானை, சுவாமி படம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகப் பாட்டுக்கும் ஓர் இடம் இருக்கும். பம்பாயின் மாட்டுங்காவிலும் சரி, கல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கத்திலும் சரி, தில்லியின் கரோல் பாக்கிலும் சரி, தமிழர் வீடு என்று அடையாளம் காட்டுவது வாசற்கோலம் மட்டுமன்று. காலை வேளையில் உள்ளே இருந்து கேட்கும் பாட்டுந்தான். ஒரு காலத்தில் அது இசைத்தட்டாக இருந்தது. பிறகு கேசட்டாயிற்று. அதற்கும் பிறகு குறுந்தகடாயிற்று. இன்று அது கைக்கு அகப்படாத ஒரு கோப்பாக, விரல் நகமளவு உள்ள ஒரு சில்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

அப்படிப்பட்ட ஒலிக் கோப்பை ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்துக்கு மாற்றுவது பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். நம்மிடம் உள்ள பாட்டு ஒரு வடிவத்தில் இருக்கிறது. வாங்கிவந்த கைப்பெட்டியோ வேறொரு வடிவத்தைத்தான் பாடுவேன் என்கிறது. இந்தச் சங்கடத்தில் சிக்காத குடும்பம் அநேகமாக இராது. கணினியில் இரண்டு பொத்தான்களைத் தட்டினால் தீர்ந்துபோகும் காரியந்தானே என்று நினைக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் பொறியியல் படித்தவன் அல்லன், கலைப் பட்டதாரி, தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவன். தவறு செய்து, அதன் பலனை அனுபவித்து, அதன்பின் பாடம் படித்தவன் என்ற ஒரே தகுதியுடன் இங்கே பேசுகிறேன்.

முதலில் தவறைச் சொல்லிவிடுகிறேன்.

என் தாயாரின் மூத்த சகோதரி, எங்கள் பெரியம்மா, கும்பகோணத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் வாழ்ந்தவர். மேடையேறிப் பாடியவர் அல்லர். ஆனால் நவராத்திரி வந்தால், அவர் சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாட உட்காரும்போது தெருவே வந்து உட்காரும். 1988-ஆம் ஆண்டு, மாமா ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவந்த டேப் ரிகார்டரில் அவருடைய பாட்டுகளை மூன்று கேசட்டுகளில் பதிவு செய்தார்கள். கொலுவில் பாடிய கீர்த்தனைகள் ஒன்றில். நலங்குப் பாட்டும் கும்மியும் ஒன்றில். என் தங்கை கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்குப் பாடிய தாலாட்டு ஒன்றில். பெரியம்மா 1999-இல் காலமானார். நான் 2004-இல் வேலை கிடைத்துத் தில்லிக்கு வந்தபோது, அம்மா அந்த மூன்று கேசட்டுகளையும் ஒரு பழைய துணியில் சுற்றி என் பெட்டியில் வைத்தார்.

அடுத்த ஆண்டு, கேசட்டுக்கு ஆயுள் அதிகமில்லை என்று நண்பர்கள் எச்சரித்ததால், அவற்றை ஒரு கடையில் கொடுத்து எம்.பி.3 கோப்புகளாக மாற்றி ஒரே குறுந்தகட்டில் வாங்கிக்கொண்டேன். மூன்று கேசட்டும் தகட்டின் ஒரு மூலையில் அடங்கிவிட்டனவே என்று வியந்தேனே தவிர, எப்படி அடங்கின என்று கேட்கவில்லை. 2008-இல் குவார்ட்டர்ஸ் மாறியபோது கேசட்டுகள் பழைய பேப்பருடன் கபாடிக்காரரின் தள்ளுவண்டியில் போயின. 2010-இல் என் கைத்தொலைபேசிக்கு ஏற்ற வடிவம் என்று அங்காடி ஒன்றில் சொன்னபடி, கோப்புகளை ஏ.எம்.ஆர். என்ற வடிவத்துக்கு மாற்றிக்கொண்டேன். சில ஆண்டுகளுக்குப் பின் குறுந்தகடு படிக்க இயலாதபடி பழுதாயிற்று. அதனால் என்ன, தொலைபேசியில் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

தகப்பனார் மறைவுக்குப் பின், 2023-இல் அம்மா என்னோடு வசிக்கத் தில்லிக்கு வந்தார். தொடுதிரைத் தொலைபேசி அவருக்குக் கைவரவில்லை. விரலால் தடவினால் பாட்டு போய்ப் படம் வருகிறது. படம் போய் யாரோ பேசுகிறார்கள். ஆகவே செங்கோட்டைக்கு எதிரே உள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட்டுக்குச் சென்று, நான்கே பொத்தான்கள் உள்ள ஒரு சிறு பாட்டுப் பெட்டியை வாங்கி வந்தேன். அது எம்.பி.3, வேவ் என்ற இரண்டு வடிவங்களை மட்டுமே பாடும். என்னிடம் இருந்த ஏ.எம்.ஆர். கோப்பை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கணினியில் உட்கார்ந்து மறுபடியும் எம்.பி.3 ஆக மாற்றினேன். இம்முறை குறை எதுவும் இருக்கக்கூடாது என்று, அந்த வடிவத்தில் கிடைக்கும் மிக உயர்ந்த அளவாகிய நொடிக்கு 320 கிலோபிட் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். கோப்பு பெரிதாக வந்தது. மனம் நிறைந்தது.

அம்மா காதில் வைத்துக் கேட்டார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அக்கா குரல்தான். ஆனா சுருதிப் பெட்டி எங்கடா போச்சு? தண்ணிக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கே" என்றார்.

நேயர்களே, அன்று இரவு நான் ஒலிக் கோப்புகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் எனக்கு விளங்கியதை, என் தொழிலிலிருந்தே ஓர் உவமை எடுத்துச் சொல்கிறேன்.

அலுவலகத்தில் ஒரு நீண்ட உரையைச் சுருக்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சுருக்கெழுத்து. பத்துப் பக்கப் பேச்சைச் சுருக்கெழுத்தாளர் மூன்று பக்கத்தில் கோடும் புள்ளியுமாக எழுதிக்கொள்கிறார். ஆனால் தட்டெழுத்துக்கு உட்காரும்போது ஒரு சொல்லும் குறையாமல் பத்துப் பக்கமும் திரும்பி வந்துவிடுகிறது. மற்றொன்று சாராம்சம். அதே பத்துப் பக்கப் பேச்சை ஓர் அதிகாரி படித்து, முக்கியமானவற்றை வைத்துக்கொண்டு, ஏனையவற்றைத் தள்ளிவிட்டு ஒரு பக்கத்தில் எழுதித் தருகிறார். படிப்பவருக்கு அது போதும். ஆனால் அந்த ஒரு பக்கத்தைக் கொண்டு பத்துப் பக்கப் பேச்சைத் திரும்ப எழுத எவராலும் முடியாது. ஒலிக் கோப்புகளிலும் இந்த இரண்டு ஜாதிகளே உண்டு. சுருக்கெழுத்தை ஒத்தவை இழப்பில்லாச் சுருக்கங்கள். சாராம்சத்தை ஒத்தவை இழப்புள்ள சுருக்கங்கள்.

இவ்விரண்டுக்கும் மூலமாக இருப்பது எது என்பதை முதலில் காண்போம். ஒலி என்பது காற்றில் எழும் அலை. அந்த அலையின் உயரத்தை இடைவிடாது அளந்து எண்களாக எழுதி வைத்தால், பின்னர் அந்த எண்களிலிருந்து அலையை மீண்டும் எழுப்பலாம். 1982-இல் சந்தைக்கு வந்த குறுந்தகட்டில் ஒவ்வொரு நொடிக்கும் 44,100 முறை அலை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள்ள ஓர் அளவுகோலால் அளக்கப்படுகிறது. இடம், வலம் என்று இரண்டு காதுகளுக்கும் தனித்தனியே கணக்கு. கூட்டிப் பார்த்தால் நொடிக்கு 14,11,200 பிட்டுகள் ஆகின்றன. ஒரு மணி நேரப் பாட்டுக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் இடம் வேண்டும். இவ்வெண்களை அப்படியே வரிசையாக வைத்திருக்கும் கோப்பே பெரும்பாலும் வேவ் என்று வழங்குகிறது. இதை எழுத்து ஒன்று விடாத மூலப் பிரதி என்று கொள்ளலாம்.

இத்துணை பெரிய மூலத்தைச் சிறு பெட்டிகளில் அடைக்க வேண்டுமென்ற தேவையிலிருந்து பிறந்ததே எம்.பி.3. ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வுக்கூடத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர் 1980-களில் இதற்காக உழைத்தனர். 1993-இல் அது பன்னாட்டுத் தர நூலில் ஓர் அங்கமாக வெளிவந்தது. அவர்கள் கையாண்ட உபாயம் மனிதச் செவியின் இயல்பிலேயே அமைந்தது. கோயில் வாசலில் தவில் முழங்கும்போது பக்கத்தில் நிற்பவர் மெல்லச் சொல்வது நம் காதில் விழுவதில்லை. ஒலி இல்லாமற் போகவில்லை. பெரிய ஒலி சிறிய ஒலியை மறைத்துவிடுகிறது. அதுபோலவே ஒரு பாட்டிலும், வலிய ஸ்வரம் ஒன்று ஒலிக்கும்போது அதனை அடுத்துள்ள மெலிந்த ஒலிகள் நமக்குக் கேட்பதில்லை. கேளாத ஒலியை எதற்கு எழுதி வைக்க வேண்டும்? அதைத் தள்ளிவிடலாம், அல்லது மிகவும் தோராயமாகக் குறித்து வைக்கலாம். ஏறத்தாழ நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நீளமுள்ள துண்டுகளாகப் பாட்டை வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எது தேவை, எது தேவையில்லை என்று அந்தக் கணக்குமுறை தீர்ப்புச் செய்கிறது. இதன் பயனாக நொடிக்கு 128 கிலோபிட் அளவில், குறுந்தகட்டின் பதினொன்றில் ஒரு பங்கு இடத்தில் பாட்டு அடங்கிவிடுகிறது.

இதைச் சோதிக்கும்போது அவர்களுக்கு மிகுந்த தொல்லை கொடுத்தது பெரிய வாத்தியக் கோஷ்டி அன்று. சூசன் வேகா என்ற அமெரிக்கப் பாடகி பக்கவாத்தியம் ஏதுமின்றித் தனிக் குரலில் பாடிய ஒரு பாட்டு, முதலில் கேட்கச் சகிக்காதபடி வந்ததாம். மறைத்துக் கொள்ள வேறு ஒலி இல்லாத தனிக் குரலில் சிறு பிழையும் காதில் பட்டுவிடுகிறது. அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டே தங்கள் முறையைத் திருத்திக்கொண்டார்கள். எங்கள் பெரியம்மாவின் தனிக் குரலைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இந்தச் செய்தி எனக்கு நினைவுக்கு வருகிறது.

எம்.பி.3-ஐக் குறை கூறுவது என் நோக்கமன்று. நல்ல அளவில் செய்த எம்.பி.3-ஐ மூலத்திலிருந்து வேறுபடுத்திக் காண்பது பயின்ற காதுகளுக்கும் கடினமே. அளவைக் குறைக்கும்போதுதான் குறை தலைகாட்டுகிறது. பிட்டுகள் போதாதபோது முதலில் உயர்ந்த அதிர்வுகள் வெட்டப்படுகின்றன. தம்பூரின் நாதத்தில் மேலே மினுமினுக்கும் அனுசுரங்கள் மங்குகின்றன. ஜால்ராவின் ஒலி மணியோசையாக இல்லாமல் மணலைக் கொட்டுவதுபோல் கேட்கிறது. மிருதங்கத்தின் வல்லடிக்கு ஒரு கணம் முன்னதாகவே ஓர் இரைச்சல் நிழல்போல் வந்து விழுகிறது. துண்டு துண்டாக வெட்டிக் கணக்கிடுவதால், அடியினால் எழும் பிழை அந்தத் துண்டு முழுவதிலும் பரவிவிடுவதே இதற்குக் காரணம்.

இனி என் கதைக்கு வருவோம். கடைக்காரர் கேசட்டை மிகச் சிறிய அளவில் எம்.பி.3 ஆக்கினார், அது முதல் சாராம்சம். நான் அதிலிருந்து ஏ.எம்.ஆர். செய்தேன். அந்த வடிவம் தொலைபேசிப் பேச்சுக்கென்றே வகுக்கப்பட்டது. நொடிக்கு 8,000 முறை மட்டுமே அலையை அளப்பது. மனிதர் பேசுவது புரிந்தால் போதும் என்பதே அதன் கொள்கை; சுருதியும் தம்பூரும் அதன் கணக்கிலேயே இல்லை. அது இரண்டாவது சாராம்சம். அதிலிருந்து மீண்டும் எம்.பி.3 செய்தேன், அது மூன்றாவது.

ஒவ்வொரு முறையும் என்ன நிகழ்கிறது என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது கணக்குமுறைக்கு, முதலாவது எதைத் தள்ளிற்று என்பது தெரியாது. கைக்கு வந்ததையே மூலம் என்று எண்ணி, தன் போக்கில் மறுபடியும் தள்ளத் தொடங்குகிறது. முதலாவது விட்டுச் சென்ற பிழையையும் பாட்டின் ஓர் அங்கம் என்று கருதி, அதைப் பத்திரமாகக் காப்பாற்றி, அதன்மேல் தன் பிழையையும் ஏற்றுகிறது. எம்.பி.3-இலிருந்து அதே அளவுள்ள எம்.பி.3-க்கு மாற்றினாலும் இந்த நஷ்டம் உண்டு. ஆங்கிலத்திலிருந்து இந்திக்குப் பெயர்த்த ஒரு சுற்றறிக்கையை, இந்தியிலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்கும் பெயர்த்தால் என்ன மிஞ்சும் என்பதை என் போன்றவர்கள் நன்கு அறிவோம். மொழிபெயர்ப்பில் முதல் விதி மூலத்தைப் பார் என்பது. இருபது ஆண்டுகளாக அந்த விதியைப் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் நான், வீட்டில் உள்ள ஒரே பொக்கிஷத்தில் அதை மறந்தேன்.

320 என்ற பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தேனே, அது உதவவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். உதவவில்லை. நீர் கலந்த பாலைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றி வைத்தால் பால் கெட்டியாகிவிடாது. ஒரு பக்கச் சாராம்சத்தைப் பெரிய எழுத்தில் பத்துப் பக்கமாக அச்சிட்டால் அது பழைய பேச்சு ஆகிவிடாது. கோப்பின் பருமன் ஏறியது. உள்ளே இருந்த ஒலி ஏறவில்லை. எம்.பி.3-ஐ வேவ் ஆக மாற்றினாலும், இழப்பில்லாத ஃபிளாக் ஆக மாற்றினாலும் கதை இதுவே. போனது போனதுதான். அகலமான பெயரும் பெரிய எண்ணும் நம்மை ஏமாற்றிவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அப்படியானால் மூலத்தைச் சிக்கனமாகக் காப்பாற்றுவதற்கு வழியே இல்லையா? உண்டு. மேலே சொன்ன சுருக்கெழுத்து முறையே அது. 2001-இல் ஜாஷ் கோல்சன் என்பவர் வெளியிட்ட ஃபிளாக் என்ற வடிவம் இவ்வகையில் பெயர்பெற்றது. ஒலி அலை கண்டபடி தாவுவதில்லை. முந்தைய எண்களைப் பார்த்தால் அடுத்த எண் எங்கே இருக்கும் என்பதை ஒருவாறு ஊகிக்கலாம். ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள சிறு வேறுபாட்டை மட்டும் எழுதி வைத்துக்கொள்வதே இதன் தந்திரம். விரிக்கும்போது ஊகத்தோடு வேறுபாட்டைக் கூட்டினால் மூலம் ஒரு பிட்டும் மாறாமல் வந்துவிடுகிறது. மூலத்தில் பாதியளவோ சற்று அதிகமோ இடம் பிடிக்கும். இதைப் பயன்படுத்தக் கட்டணம் எதுவும் இல்லை. ஆப்பிள் நிறுவனமும் இதே கொள்கையில் 2004-இல் ஒரு வடிவத்தை வெளியிட்டு, 2011-இல் அதை யாவரும் கையாளும்படி திறந்துவிட்டது. ஃபிளாக்கிலிருந்து வேவுக்கும், வேவிலிருந்து ஃபிளாக்குக்கும் நூறு முறை போய் வந்தாலும் நஷ்டம் இல்லை.

இப்போது, வீட்டில் இந்தக் காரியத்தைச் செய்ய முற்படும் நேயர்களுக்குச் சில நடைமுறை யோசனைகள் கூறுகிறேன்.

முதலாவது, மாற்றுவதற்கு முன் மாற்றத் தேவையா என்று பாருங்கள். பெட்டியுடன் வரும் சிறு தாளில் அது எந்தெந்த வடிவங்களைப் பாடும் என்று எழுதியிருக்கும். பழைய ஐபாட் கருவிகளுக்குப் பழகியவர்களிடம் ஏ.ஏ.சி. வடிவப் பாட்டுகள் இருக்கும். அதையும் பாடக்கூடிய பெட்டியாக இருந்தால் அப்படியே நகலெடுத்து வைத்துவிடலாம். நகலெடுப்பது வேறு, வடிவம் மாற்றுவது வேறு. நகலில் நஷ்டம் இல்லை. கோப்பின் பெயருக்குப் பின்னால் உள்ள குறியை மட்டும் மாற்றி எழுதினால் வடிவம் மாறிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கடையின் பெயர்ப் பலகையை மாற்றினால் உள்ளே உள்ள சரக்கு மாறுமா?

இரண்டாவது, மாற்றியே தீரவேண்டுமானால், உங்களிடம் உள்ளவற்றில் மூலத்துக்கு மிக அருகில் இருப்பது எதுவோ அதிலிருந்து ஒரே முறை மாற்றுங்கள். குறுந்தகடு இருந்தால் குறுந்தகட்டிலிருந்து. கேசட் இருந்தால் கேசட்டிலிருந்து. மாற்றிய பின் பழையதை அழிக்காதீர்கள். நாளை வேறொரு பெட்டி வரும். அது வேறு ஏதேனும் கேட்கும். அப்போதும் இந்த மூலத்திலிருந்தே மாற்ற வேண்டும்.

மூன்றாவது, அளவைப் பற்றியது. பேச்சு, கதாகாலட்சேபம் போன்றவற்றுக்கு ஒற்றைத் தடத்தில் நொடிக்கு 64 கிலோபிட் போதும். சங்கீதத்துக்கு 192-க்குக் குறையாமல் வையுங்கள். 256 வைத்தால் மனக்குறை இராது. 256 அளவில் ஒரு மணி நேரப் பாட்டு ஏறத்தாழ 115 மெகாபைட் ஆகும். 16 கிகாபைட் சில்லில் அந்த அளவில் 130 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். நாள் ஒன்றுக்கு இரண்டு மணி கேட்டாலும் இரண்டு மாதத்துக்குத் திரும்பவே வராது. இடத்தை மிச்சப்படுத்த வேண்டிய காலம் போய்விட்டது. 2001-இல் முதல் ஐபாட் வந்தபோது அதில் இருந்தது 5 கிகாபைட். அன்றைய சிக்கனம் இன்று வேண்டியதில்லை.

நான்காவது, நம் கச்சேரிகளுக்கென்று ஒரு சொல். குறுந்தகடுகளில் ராக ஆலாபனை ஒரு தடமாகவும், கிருதி ஒரு தடமாகவும், ஸ்வரம் ஒரு தடமாகவும் பிரித்திருப்பார்கள். பாடுவது மட்டும் இடைவிடாமல் தொடரும். எம்.பி.3 ஆக்கும்போது ஒவ்வொரு தடத்தின் முன்னும் பின்னும் சிறிது மௌனம் சேர்ந்துவிடுகிறது. எளிய பெட்டிகள் அதையும் சேர்த்தே பாடுவதால், தம்பூர் ஒரு கணம் அறுந்து மறுபடி தொடங்கும். இதற்குப் பரிகாரம், மாற்றுவதற்கு முன்பே அத்தடங்களை ஒன்றாக இணைத்து ஒரே கோப்பாகச் செய்துகொள்வது.

ஐந்தாவது, பெயர். பாட்டின் பெயரைத் தமிழில் எழுதி வைத்தால் சில பெட்டிகளில் கட்டமும் கேள்விக்குறியுமாகத் தெரிகிறது. கோப்புக்குள் பெயர் எழுதும் பழைய முறை, ஆங்கில எழுத்துகளை மட்டும் மனத்திற்கொண்டு தலைப்புக்கு 30 இடங்களே ஒதுக்கியது. பிற்கால முறைகளில் யூனிகோடு வழியாகத் தமிழுக்கு இடம் உண்டு. ஆயினும் மலிவான பெட்டிகள் அதனைப் படிப்பதில்லை. மூலக் கோப்பில் பெயரை நல்ல தமிழில் யூனிகோடில் எழுதுங்கள். பாடியவர், ஊர், ஆண்டு எல்லாம் எழுதுங்கள். பெட்டிக்குச் செல்லும் பிரதிக்கு மட்டும் முன்னால் 01, 02 என்று எண் கொடுத்துவிட்டால் வரிசை குலையாது.

ஆறாவது, இவற்றையெல்லாம் செய்வதற்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. வீட்டுக் கணினியிலேயே வேலை முடியும்போது, குடும்பத்தார் குரலை முன்பின் தெரியாத தளங்களுக்கு அனுப்பி மாற்றி வாங்குவது அவசியமில்லை. சந்தா கட்டிக் கேட்கும் சேவைகளில் இறக்கி வைக்கும் பாட்டுகள் பூட்டுடன் வருபவை. அவை இந்த வழிகளுக்கு உட்பட்டவை அல்ல. நாம் விலைகொடுத்து வாங்கிய தகட்டை நம் காதுக்காக மாற்றிக்கொள்வது வேறு, ஊருக்கெல்லாம் பிரதி செய்து கொடுப்பது வேறு என்பதையும் மறக்கலாகாது.

இனி முடிவைச் சொல்ல வேண்டும். 2024-இல் தீபாவளி விடுமுறைக்குக் கும்பகோணம் சென்றிருந்தேன். பெரியம்மாவின் மகள், என் அக்காள், பேச்சுவாக்கில், "கொலுப் பாட்டு கேசட்டு ஒண்ணு அம்மா பீரோவுல கிடந்துச்சே தம்பி" என்றார். 1988-இலேயே மாமா அவர்களுக்கென்று ஒரு பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறார். நாடாவின் ஓரத்தில் லேசாகப் பூஞ்சை. ஆனால் நாடா அறுபடவில்லை. அண்டை வீட்டில் ஒரு பழைய கேசட் கருவி கிடைத்தது. அதன் தலைப்பகுதியைத் துடைத்து, கருவியையும் கணினியையும் ஒரு கம்பியால் இணைத்து, ஒலி உச்சத்தில் வெட்டுப்படாதவாறு அளவைச் சற்றுத் தாழ்த்தி வைத்து, ஒரு பக்கத்துக்கு 45 நிமிடமாக இரண்டு பக்கங்களையும் பொறுமையுடன் பதிவு செய்தேன். பக்கத்துக்கு 476 மெகாபைட் வேவ் கோப்பு வந்தது. அதை ஃபிளாக் ஆக்கி, ஒரு பிரதியை அக்காள் வீட்டிலும், ஒன்றைத் தங்கையிடமும், ஒன்றை என்னிடமும் வைத்தேன். அந்த ஃபிளாக்கிலிருந்து நேராக 192 அளவில் ஒரு எம்.பி.3 செய்து அம்மாவின் பெட்டிக்கு ஏற்றினேன். அது 65 மெகாபைட்டே. முன்பு நான் 320 அளவில் செய்ததைவிடச் சிறியது.

நாடாவின் இரைச்சல் உண்டு. நடுவில் யாரோ குழந்தை அழுகிறது; யாரோ சுண்டல் கொண்டுவரச் சொல்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் அடியில், முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை சுருதிப் பெட்டி ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அம்மா இப்போது பிற்பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைக் கேட்கிறார். "சுண்டல் கேக்குறது உங்க அப்பாதான்" என்று ஒரு நாள் சொன்னார். அந்தக் குரல் என் பழைய கோப்பில் அகப்படவே இல்லை.

நலங்குப் பாட்டும் தாலாட்டும் இருந்த மற்ற இரண்டு கேசட்டுகளுக்கும் பிரதி எங்கும் இல்லை. அவை தள்ளுவண்டியோடு போனவை. தங்கைக்குப் பாடிய தாலாட்டு இன்று எங்களிடம் தண்ணீருக்குள்ளிருந்து கேட்கும் அந்த மூன்றாவது சாராம்சமாகவே இருக்கிறது. அதையும் அழிக்காமல் வைத்திருக்கிறோம்.

ஆகவே நேயர்களே, வெளியூரில் இருக்கும் நம்மில் பலர் வீட்டில், பரண்மேலும் பெட்டியடியிலும் இப்படிப்பட்ட கேசட்டுகள் கிடக்கக்கூடும். வீடு மாற்றும் காலத்தில் அவற்றைக் கழிக்கத் தோன்றும். கழிப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். முதலில் மூலத்தை முழுமையாகப் பதிவு செய்து, இழப்பில்லாத வடிவத்தில் இரண்டு மூன்று இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பெட்டிக்கு வேண்டிய சிறு பிரதியை அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.